முதல்ல நோட்டு... அப்புறம்தான் மூடு!

ஒரு சின்ன சோதனை வெச்சுக்கலாமா ஃப்ரெண்ட்ஸ்? வீட்டு அலமாரியில பழைய டைரி ஏதாவது இருந்தா எடுத்துப் புரட்டிப் பாருங்க. ஜனவரி 1: கலர் ஸ்கெட்ச்ல பெரிசா தலைப்பு, 'இந்த வருஷம் தினமும் எழுதுவேன்'னு ஒரு சபதம், ரெண்டு பக்கத்துக்கு வாழ்க்கைத் தத்துவம். ஜனவரி 2: ஒரு பக்கம். ஜனவரி 5: நாலு வரி. ஜனவரி 9: 'இன்னைக்கு ஒண்ணும் விசேஷம் இல்ல.' அப்புறம்? ஜூன் மாசத்துல அம்மா குறிச்சு வெச்ச கேஸ் சிலிண்டர் தேதி. ஆகஸ்ட்ல யாருடையதுன்னே தெரியாத ஒரு போன் நம்பர். அவ்வளவுதான்!

சிரிக்காதீங்க. என்கிட்ட அப்படி ஏழு டைரி இருக்கு. எல்லாம் மளிகைக் கடையிலயும் மருந்துக் கடையிலயும் புத்தாண்டுக்கு இலவசமா கொடுத்தது. ஏழுலயும் ஜனவரி மட்டும்தான் ஓடியிருக்கு.

இத்தனைக்கும் காலேஜ்ல எனக்குப் பட்டப் பெயரே 'எழுத்தாளர்'தான். கதை எழுதணும்னு அவ்வளவு ஆசை. ஆனா எழுதணும்னா மூடு வரணும் இல்லையா? மூடு வரணும்னா மழை பெய்யணும். மழை பெஞ்சா மொட்டை மாடியில தனியா இருக்கணும். தனியா இருந்தா நல்ல பேனா வேணும். எல்லாம் சேர்ந்து வந்த அன்னைக்கு பரீட்சை இருக்கும்! காலேஜ் ஆண்டு மலருக்கு ஒரு சிறுகதை கேட்டு மூணு மாசம் டைம் கொடுத்தாங்க. மூணாவது மாசக் கடைசியில தமிழ் சார் காரிடார்ல என்னைப் பார்த்து, 'என்னப்பா, மூடு பஸ்ல ஏறிடுச்சா, இல்ல இன்னும் ஸ்டாண்டுலயே நிக்குதா?'ன்னு கேட்டார். பக்கத்துல இருந்த பொண்ணுங்க சிரிச்சது இன்னும் காதுல இருக்கு.

அந்த மலர்ல என் கதை வரல. அடுத்த வருஷ மலர்லயும் வரல. டிகிரி வந்துச்சு, வேலை வந்துச்சு, 'என்னைக்காவது எழுதுவேன்'கிற டயலாக் மட்டும் கூடவே வந்துச்சு. உங்கள்ல சிலர் கவிதை எழுதணும்னு நினைக்கலாம், படம் வரையணும்னு நினைக்கலாம், குறும்படம் எடுக்கணும்னு நினைக்கலாம். டயலாக் ஒண்ணுதான்!

இந்த டயலாக்கை உடைச்சவர் ஒருத்தர். கதை, கவிதை எதுவும் எழுதினவர் இல்ல. எங்க அப்பா.

மூணே மூணு கதை

நாங்க மேற்குத் தாம்பரம், முடிச்சூர் ரோடு பக்கம். அப்பா கிண்டி தொழிற்பேட்டையில ஒரு பட்டறையில ஃபிட்டர். காலையில சீசன் டிக்கெட்டை சட்டைப் பையில வெச்சுக்கிட்டு தாம்பரத்துல ஏறினா, ராத்திரி எட்டரைக்குத்தான் வருவார். சாப்பிடும்போது ஏதாவது கதை சொல்லிக்கிட்டே இருப்பார். ரயில்ல நடந்த சண்டை, பட்டறையில லேத் மிஷின் மேல குட்டி போட்ட பூனை, கிண்டி ஸ்டேஷன் வாசல்ல சுண்டல் விக்கிறவரோட ஜோக்... நாங்க டிவி பார்த்துக்கிட்டே 'உம்' கொட்டுவோம். அப்பாதானே, எங்கே போயிடப் போறார்!

2019ல ஒருநாள் காலையில பல் தேய்க்கப் போனவர் அப்படியே சுவர்ல சாய்ஞ்சுட்டார். பக்கவாதம். வலது கை, வலது கால், கூடவே பேச்சும் போச்சு. உயிருக்கு ஆபத்து இல்லைன்னு சொன்ன டாக்டர், 'பழைய விஷயங்களை அவர்கிட்ட பேசிக்கிட்டே இருங்க. அவர் சொல்ற கதையையே அவருக்குத் திருப்பிச் சொல்லுங்க'ன்னார்.

பக்கத்துல உட்கார்ந்தேன். 'அப்பா, ஞாபகம் இருக்கா, அந்தப் பூனை...'ன்னு ஆரம்பிச்சேன். பூனை முடிஞ்சது. சுண்டல்காரர் முடிஞ்சது. ரயில் சண்டை பாதியில நின்னுச்சு, ஏன்னா அது எப்படி முடிஞ்சதுன்னு எனக்குத் தெரியல. அதுக்கு மேல ஒண்ணும் வரல! முப்பது வருஷமா தினமும் கதை சொன்ன மனுஷன்கிட்டயிருந்து என் கையில மிஞ்சினது மூணே மூணு. அதுலயும் ஒண்ணு அரைகுறை. எழுத்தாளராம் எழுத்தாளர்! என்னோட ஏழு டைரியில அப்பா பேசின ஒரு வாக்கியம்கூட இல்ல.

அன்னைக்கு ராத்திரி அம்மாதான் டிரங்குப் பெட்டியைத் திறந்தாங்க. 'இதைப் படிச்சுக் காட்டுடா. அவர் எழுதினதுதான்.' உள்ளே நீள நீள நோட்டுகள், வருஷத்துக்கு ஒண்ணு. அப்பாவோட கணக்கு நோட்டு. அவர் தினமும் ராத்திரி சாப்பிட்டு முடிச்சுக் கணக்கு எழுதுவார்னு எங்க எல்லாருக்கும் தெரியும். அதை யாரும் பிரிச்சுப் பார்த்தது இல்ல. பால் கணக்குல என்ன இருக்கப் போகுது?

இருந்துச்சு பாஸ்.

'பால் 9. கீரை 3. சீசன் டிக்கெட் புதுப்பித்தேன். பல்லாவரத்தில் வண்டி 40 நிமிடம் நின்றது. எதிர் சீட்டில் ஒரு பாட்டி எல்லோருக்கும் கொய்யா கொடுத்தாள். காசு வாங்கவில்லை.'

2015 டிசம்பர் 2, அந்தப் பெருவெள்ளம் வந்தப்போ எழுதினது: 'பால் பாக்கெட் 80 ரூபாய் கேட்டான். வாங்கவில்லை. முடிச்சூர் பக்கம் தெருவில் படகு போனது. மாடி வீட்டு அம்மா பால் பவுடர் கொடுத்தார்கள். திருப்பிக் கொடுக்க வேண்டும்.' ரெண்டு வாரம் கழிச்சு ஒரு பக்கத்துல, 'பால் பவுடர் கொடுத்தாகிவிட்டது.'

அப்புறம் 2001. நான் ப்ளஸ் ஒன். மாம்பலத்துல டியூஷன் சேர்ந்திருந்தேன். முதல் நாள் தனியா ரயில் ஏறிப் போயிட்டு வந்து, வீட்டுல நான் காட்டின அலட்டல் இருக்கே! 'எல்லாம் நானே பார்த்துப்பேன், யாரும் வர வேண்டாம்'னு பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். அப்பா, 'ஓ, அப்படியா?'ன்னு மட்டும் கேட்டார். அந்தத் தேதிக்கு அப்பா நோட்டுல இருந்தது இது: 'சின்னவன் முதல் தடவை தனியாக ரயிலில் மாம்பலம் போனான். பயப்படவில்லை. நான் அடுத்த பெட்டியில் போனேன். அவனுக்குத் தெரியாது. பெர்மிஷன் 2 மணி நேரம். டீ 2.'

பதினெட்டு வருஷம் கழிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். அவர் முகத்தைப் பார்த்தேன். கேட்கறதுக்கு ஆயிரம் கேள்வி இருந்துச்சு. பதில் சொல்ல அவரால முடியாது.

எழுந்து போய் என்னோட 2001 டைரியை எடுத்து அந்தத் தேதியைப் புரட்டினேன். வெள்ளைப் பக்கம். அடியில ராகுகாலம் மட்டும் அச்சடிச்சிருந்தது.

கணக்குக்குள்ள புகுந்த வாழ்க்கை

ரொம்ப நாள் யோசிச்சேன். மூடு, பேனா, மொட்டை மாடின்னு அத்தனை ஏற்பாடு பண்ணின என்னால முடியாதது, பட்டறையில பத்து மணி நேரம் நின்னுட்டு வந்த மனுஷனுக்கு எப்படி முடிஞ்சது? விஷயம் ரொம்ப சிம்பிள். அவர் 'எழுத' உட்காரல. பால் கணக்கு போட உட்கார்ந்தார். கணக்கு போட மூடு வேண்டாம். ஆனா கையில பேனா இருக்கு, எதிர்ல நோட்டு இருக்கு, அன்னைக்கு நடந்தது மனசுல இருக்கு... பாலுக்குப் பின்னாடியே பாட்டியும் கொய்யாவும் உள்ளே வந்து உட்கார்ந்துடுச்சு!

இதுக்கு நம்ம தமிழ்லயே ஒரு சூப்பர் ஸ்டார் இருக்கார். ஆனந்தரங்கம் பிள்ளை. ஸ்கூல் புத்தகத்துல ஒரு பத்தியா படிச்சு மறந்திருப்பீங்க. நம்ம சென்னை பெரம்பூர்ல 1709ல பிறந்து, புதுச்சேரிக்குப் போனவர். வியாபாரி. பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவுக்குத் தலைமை துபாஷியா, அதாவது மொழிபெயர்ப்பாளராவும் இடைத்தரகராவும் இருந்தவர். 1736 செப்டம்பர் 6ம் தேதி எழுத ஆரம்பிச்சார். அப்போ அவருக்கு வயசு 27. 1761 ஜனவரியில, புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போறதுக்குச் சில நாள் முன்னாடி அவர் இறந்து போனார். கிட்டத்தட்ட அதுவரைக்கும் எழுதியிருக்கார். 24 வருஷத்துக்கு மேல!

என்ன எழுதினார்? எந்தக் கப்பல் வந்துச்சு, என்ன சரக்கு இறங்கிச்சு, யார் யாருக்கு எவ்வளவு பாக்கி... ஒரு வியாபாரியோட தினசரிக் குறிப்புதான். ஆனா அதுக்குள்ளேயே கவர்னரோட கோபம், போர்ச் செய்தி, ஊர் வம்பு, கல்யாணம், காத்து மழைன்னு அந்தக் கால வாழ்க்கை மொத்தமும் புகுந்துடுச்சு. அதுவும் பண்டித நடையில இல்ல, அன்னைக்குப் பேசின தமிழ் வாசனையோட. அவர் போனப்புறம் அந்த நோட்டுகள் வீட்டுலயே கிடந்து, 1846லதான் வெளி ஆட்கள் கண்ணுல பட்டுச்சு. சென்னை அரசாங்கம் 1904ல இருந்து 1928 வரைக்கும் அதை இங்கிலீஷ்ல 12 தொகுதியா போட்டுச்சு. எழுத்தாளர் பிரபஞ்சன் அந்தக் குறிப்புகளை வெச்சு நாவல் எழுதினார். அதுல ஒண்ணு, 'வானம் வசப்படும்', 1995ல சாகித்ய அகாடமி விருது வாங்குச்சு. ஒருத்தர் எழுதின கப்பல் கணக்கு, இருநூறு வருஷம் கழிச்சு இன்னொருத்தருக்கு நாவலா மாறுது!

அவரும் எல்லா நாளும் எழுதினவர் இல்ல. இன்னைக்குக் கிடைக்கிற குறிப்புல நடுநடுவே இடைவெளி இருக்கு. அதைச் சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கு. பின்னால வர்றேன்.

சானடோரியத்துல திற... திரிசூலத்துல மூடு!

சரி, நாம எப்படி ஆரம்பிக்கறது? நான் தட்டுத் தடுமாறிக் கத்துக்கிட்டதைச் சொல்றேன். உங்களுக்கு எது ஒத்து வருதோ எடுத்துக்கங்க.

முதல் விஷயம், ஒரு ஆணி வேணும். நோட்டை மாட்டி வெக்கறதுக்கு. 'நேரம் கிடைக்கும்போது எழுதுவேன்'னா, நேரம் கிடைக்காது. தினமும் எப்படியும் நடக்கிற ஒரு காரியத்தோட எழுதறதைக் கோத்து விடுங்க. அப்பாவுக்கு ராத்திரிச் சாப்பாடு. எனக்கு ரயில். தாம்பரத்துல இருந்து பீச் வரைக்கும் மொத்தம் 18 ஸ்டேஷன். இந்தத் தடத்துல மின்சார ரயில் 1931லயே ஓட ஆரம்பிச்சாச்சு. எத்தனை தலைமுறை இந்த ஜன்னல் வழியா வேடிக்கை பார்த்திருக்கும்! நான் ஏறி உட்கார்ந்ததும், சானடோரியம் வரும்போது பேனாவைத் திறப்பேன். குரோம்பேட்டை, பல்லாவரம் தாண்டி திரிசூலத்துல மூடிடுவேன். அவ்வளவுதான் டைம். மூடு வருதோ இல்லையோ, பேனா மூடி திறக்கும்! ஹாஸ்டல்ல இருக்கறவங்களுக்கு மெஸ் காபி, பஸ்ல வர்றவங்களுக்கு முதல் நாலு ஸ்டாப், லேப்ல இருக்கறவங்களுக்கு ரீடிங் எடுத்து முடிச்ச அஞ்சு நிமிஷம். ஆளுக்கு ஒரு ஆணி கிடைக்கும்.

அடுத்து, அளவு. அஞ்சு வரி போதும். இன்னைக்கு வேகத்துல நாலு பக்கம் எழுதினீங்கன்னா, நாளைக்கு அந்த நாலு பக்கமே உங்களைப் பயமுறுத்தும். ஜனவரி டைரி சாகறதே இதனாலதான். அஞ்சு வரிக்கு மேல ஆசை இருந்தா, ஆசையை மிச்சம் வெச்சு மூடிடுங்க. மறுநாள் அதுவே இழுத்துக்கிட்டு வரும்.

மூணாவது, முதல் வரி மூளை வேண்டாத வரியா இருக்கட்டும். பஸ் சார்ஜ், வெயில், என்ன டிபன், வண்டி எத்தனை நிமிஷம் லேட். இதுதான் அப்பாவோட பால் கணக்கு. அந்த ஒரு வரி எழுதினா கை ஓட ஆரம்பிச்சுடும்.

நாலாவது, கண்ணும் காதும் கொண்டு வந்ததை எழுதுங்க. 'மனசு சரியில்ல', 'செம நாள்', 'ரொம்ப ஃபீலிங்கா இருந்துச்சு'... இப்படி எழுதினா ஒரு வருஷம் கழிச்சுப் படிக்கிறப்போ ஒண்ணுமே ஞாபகம் வராது. நான் 2019ல ஒருநாள் 'ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரொம்பக் கஷ்டமா இருந்தது'ன்னு எழுதியிருக்கேன். எந்தக் கஷ்டம்னு இப்போ சுத்தமா தெரியல. ஆனா இன்னொரு நாள், 'பயிற்சி கொடுக்கிற பொண்ணு அப்பா கையில ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தாங்க. அப்பா அதைப் பிடிக்கல. பந்து உருண்டு கட்டிலுக்கு அடியில போச்சு. எடுத்துக் கொடுக்கறதுக்குள்ள அம்மா வெளியே போயிட்டாங்க'ன்னு எழுதியிருக்கேன். இதைப் படிச்சா அந்த அறையோட பினாயில் வாசனைகூட வருது.

அஞ்சாவது, இடைவெளி. இதுக்குத்தான் ஆனந்தரங்கம் பிள்ளையை நிறுத்தி வெச்சேன். ஒருநாள் விட்டுப் போச்சா? போகட்டும். 'விட்டதை எல்லாம் சேர்த்து ஞாயித்துக்கிழமை எழுதிடறேன்'னு கடன் வெச்சுக்காதீங்க. அரியர் பேப்பர் மாதிரி அது ஏறிக்கிட்டே போகும்! இன்னைக்குத் தேதியைப் போட்டு இன்னைக்கு மட்டும் எழுதுங்க. 2020 மார்ச்ல கொரோனா வந்து ரயில் நின்னு போச்சு. என் ஆணியே கழண்டுடுச்சு! பதினோரு நாள் ஒரு வரி இல்ல. பன்னிரண்டாவது நாள் மொட்டை மாடியில, அம்மா வடாம் காயப் போட்ட பாய் பக்கத்துல காக்கா காவலுக்கு உட்கார்ந்து ஆரம்பிச்சேன். ரயில் திரும்பி ஓடற வரைக்கும் வடாம்தான் என் ஸ்டேஷன்.

நோட்டா, செல்போனா? எது கையில இருக்கோ அது. ஆனா ஒரு எச்சரிக்கை. காலேஜ் டைம்ல நான் சேர்த்து வெச்சிருந்த எஸ்.எம்.எஸ். எல்லாம் பழைய நோக்கியா போனோட போயிடுச்சு. அதே வருஷத்து அப்பா நோட்டு டிரங்குப் பெட்டியில பத்திரமா இருக்கு. இன்னொண்ணு, ரூம்மேட் கண்டிப்பா படிப்பான்! அதனால பெயருக்குப் பதிலா முதல் எழுத்து போதும்.

பல்லாவரத்துக் கல்

'எல்லாம் சரி, தினமும் அதே காலேஜ், அதே ரயில், அதே முகம். இதுல இன்ஸ்பிரேஷனுக்கு எங்கே போறது?'ன்னுதானே கேக்கறீங்க? நானும் கேட்டேன். கொடைக்கானல் போகணும், இமயமலை போகணும்னு கனவு கண்டேன். பல்லாவரம் போதும் பாஸ்!

1863 மே 30. ராபர்ட் புரூஸ் ஃபூட்னு ஒரு இளைஞர், வயசு 28. இந்திய நிலவியல் துறையில வேலை. ஊர் ஊரா போய், மண்ணையும் பாறையையும் பார்த்து, பார்த்ததைக் குறிச்சு வெக்கறதே அவரோட உத்யோகம். அன்னைக்குப் பல்லாவரத்துல படை அணிவகுப்பு மைதானத்துப் பக்கம் சரளைக் கல் தோண்டின ஒரு குழியில ஒரு கல்லை எடுக்கறார். ஆதிமனிதன் செதுக்கின கைக்கோடாரி! இந்தியாவோட பழைய கற்காலத்தைப் பத்தின ஆராய்ச்சி ஆரம்பிச்சதே அந்தக் கல்லுலதான்.

அந்த வழியா அதுக்கு முன்னாடி யாருமே நடக்கலையா? சிப்பாய் நடந்திருப்பான், மாடு மேய்க்கிறவர் நடந்திருப்பார், குழியைத் தோண்டினவரே அதை ஓரமா வீசியிருப்பார். எல்லாருக்கும் அது வெறும் கல். அவருக்கு மட்டும் கோடாரி. ஏன்னா ஐரோப்பாவுல அப்போதான் அந்த மாதிரி கற்கருவி கிடைச்ச செய்தி அவருக்குத் தெரியும். தவிர, தினமும் தரையைப் பார்த்துப் பழகின கண்ணு. தயாரா இருக்கற கண்ணுக்குத்தான் இன்ஸ்பிரேஷன் தட்டுப்படும். அந்தக் கண்ணைப் பழக்கறதுக்குத்தான் இந்த அஞ்சு வரி. அவர் சேர்த்த கற்கருவிகளை 1904ல சென்னை அருங்காட்சியகம் வாங்குச்சு. எழும்பூர் நம்ம ரயில் தடத்துலயே வர்ற ஸ்டேஷன்தான். இறங்கி ஒரு எட்டு அருங்காட்சியகம் போய்ட்டு வாங்க.

இன்னொருத்தர், மா. கிருஷ்ணன். இயற்கை ஆர்வலர், சென்னைவாசி. 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை 'கன்ட்ரி நோட்புக்'னு ஒரு பத்தி எழுதினார். 1950ல ஆரம்பிச்சு 1996ல இறக்கற வரைக்கும்! 46 வருஷம். யானை, காட்டெருமை பத்தி எழுதினவர்தான். ஆனா காக்கா, அணில், ஓணான்னு நம்ம வீட்டுத் தோட்டத்துல இருக்கறதைப் பத்தியும் அதே மரியாதையோட எழுதினார். நாற்பத்தாறு வருஷமும் மூடு வந்திருக்கும்னா நினைக்கறீங்க? ரெண்டு வாரத்துக்கு ஒரு கெடு வந்திருக்கும். அதுதான்!

அதனால வாரத்துக்கு ஒருநாள் நோட்டோட கிளம்புங்க. காசு வேண்டாம், ரெண்டு மணி நேரம் போதும். வெள்ளிக்கிழமையா? பல்லாவரம் சந்தை. பழைய டைப்ரைட்டர்ல இருந்து ரோஜாச் செடி வரைக்கும் கிடைக்கும். எதையும் வாங்காம, பேரம் பேசறதை மட்டும் கேட்டுட்டு வாங்க. வசனம் எழுதறவங்களுக்கு அதை விட டியூஷன் கிடையாது. குளிர்காலமா? பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 2022ல உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலப் பட்டியல்ல, ராம்சர் பட்டியல்ல, சேர்ந்த இடம். ஐ.டி. கம்பெனிக் கட்டடத்துக்கும் குப்பை மேட்டுக்கும் நடுவுல பூநாரையும் கூழைக்கடாவும் நிக்கிறதைப் பார்த்தா, எழுதாம இருக்க முடியாது. கிறிஸ்தவக் கல்லூரியில படிக்கிறவங்க கொடுத்து வெச்சவங்க. 1937ல தாம்பரத்துக்கு வந்த காலேஜ், முந்நூறு ஏக்கருக்கு மேல மரமும் புதர்க்காடும். உங்களுக்கு கேட் தாண்டவே வேண்டாம்!

கடைசியா ஒண்ணு. சனிக்கிழமை ராத்திரி அந்த வாரத்து வரிகளைத் திரும்பப் படிங்க. ஏழு நாளுக்கு முப்பத்தஞ்சு வரி. அதுல ஒரே ஒரு வரி உங்களைப் பார்த்துக் கண்ணடிக்கும். அதை மட்டும் எடுத்து வேற ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்கங்க. கவிதையோ, ஓவியமோ, கதையோ, அங்கேயிருந்து ஆரம்பிங்க. டைரி அடுப்பு இல்ல, அரிசி மூட்டை. சமையல் தனி. மூட்டையே இல்லாம அடுப்பைப் பத்த வெச்சுட்டு உட்கார்ந்திருந்தவன் நான். அதனாலதான் ஏழு வருஷமும் பட்டினி!

என் முதல் கதை, அப்பா நோட்டுல இருந்த கொய்யாப் பாட்டியைப் பத்தினது. எழுதி முடிக்க நாலு மாசம் ஆச்சு. தினமும் மூணு ஸ்டேஷன் கணக்கு. இதுவரைக்கும் பதினோரு கதை முடிச்சிருக்கேன். நாலு அச்சாச்சு. அதுல ரெண்டுதான் எனக்கே பிடிச்சிருக்கு. பெரிய எழுத்தாளர் ஆகல, ஆவேனான்னும் தெரியல. ஆனா 'என்னைக்காவது எழுதுவேன்'கிற டயலாக் இப்போ என்கிட்ட இல்ல.

பால் என்ன விலை?

அப்பா இப்போ குச்சி வெச்சு ஹால் வரைக்கும் நடக்கறார். பேச்சு முழுசா வரல. நாலஞ்சு வார்த்தை வரும், அதுவும் பாதி பாதியா. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், அவர் கணக்கு எழுதின அதே நேரத்துல, நான் அன்னைக்கு ரயில்ல எழுதின அஞ்சு வரியைப் படிச்சுக் காட்டறேன். டிவியை ஆஃப் பண்ணிட்டுத்தான்! ஒரு காலத்துல அவர் சொன்னார், நான் 'உம்' கொட்டினேன். இப்போ நான் சொல்றேன், அவர் 'உம்' கொட்டறார். ஒரே வித்தியாசம், அவர் நிஜமாவே கேக்கறார்.

போன மாசம் ஒருநாள் கொஞ்சம் பெருமையா எழுதியிருந்தேன். மீனம்பாக்கம் தாண்டும்போது ஒரு விமானம் இறங்கினது, அதைப் பார்த்து ஒரு குழந்தை கை தட்டினது, சாயங்கால வெளிச்சம், அது இதுன்னு. படிச்சு முடிச்சுட்டு, எப்படின்னு கேக்கற மாதிரி அவர் முகத்தைப் பார்த்தேன். இடது கையால கட்டில் சட்டத்தை ரெண்டு தட்டு தட்டினார். எனக்குப் புரியல. மறுபடியும் தட்டினார். உதட்டைக் கூட்டி, கஷ்டப்பட்டு ஒரு வார்த்தையைக் கொண்டு வந்தார்.

'பா... ல்?'

எழுத மறந்துட்டேன்! அம்மா சமையலறையில இருந்து சத்தமா விலையைச் சொன்னாங்க. அவர் பார்த்துக்கிட்டே இருக்க, முதல் வரிக்கு மேல இடுக்குல அதை எழுதினேன். அப்புறம்தான் படுத்தார்.

சரி, இந்தப் பக்கத்தை மூடிட்டு ஒரு நோட்டை எடுங்க ஃப்ரெண்ட்ஸ். ரஃப் நோட்டோட கடைசிப் பக்கம்கூடப் போதும். இன்னைக்குத் தேதியைப் போடுங்க.

உங்க வீட்டுல இன்னைக்குப் பால் என்ன விலை?